நாற்பத்தொன்றாம் நம்பர் மரம்

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளில் வேலை செய்கிறவர்களைத் தெருவில் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். புருவத்திலும் காதோர மயிரிலும் சுக்கை வெளுக்கப் போடும் சுண்ணாம்பு படிந்திருக்கும். கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது இஞ்சிக் காரம் விரலிலிருந்து இறங்கி வரும். பேச்சியம்மாள் பதினாறு வருஷமாக அந்தக் காரத்தோடுதான் சாப்பிட்டாள். சங்கரன்கோயில் பக்கத்திலிருக்கும் தன் ஊருக்கு எப்போதாவது போனால், அங்கே சோறு சப்பென்று இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள்.

யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகும் வழியில், சேட்டுடைய கிடங்கின் பின்சுவரை ஒட்டிச் சாய்த்துப் போட்ட ஓட்டுக்கூரைதான் அவள் வீடு. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு. எதிர்ச்சுவர் மழைக்காலம் முழுக்க வியர்த்துக்கொண்டே இருக்கும். மிச்சமுள்ள இடத்தில் ஒரு கட்டில், கட்டிலில் அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி. அவனும் இதே கிடங்கில் மூட்டை தூக்கியவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுக்கின் உச்சியிலிருந்து மூட்டையோடு சரிந்து விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. அதற்குப் பிறகு அவனாக எழுந்திருக்கவில்லை. சேட்டு நல்ல மனுஷர். "இருக்கிற மட்டும் இருங்க" என்று அந்த அறையை விட்டுவைத்தார்.

அந்த அறைக்கு மேலேதான் மரம் நின்றது. கிடங்குக்கும் ரோட்டுக்கும் நடுவில், சர்க்கார் புறம்போக்கில் வளர்ந்த தூங்குமூஞ்சி மரம். நாலு பேர் கைகோத்தால்தான் அடிமரம் அடங்கும். சாயங்காலம் இலைகளை மூடிக்கொண்டு அது உறங்கப் போகும் நேரத்தில், அதன் உச்சியில் பகலெல்லாம் உறங்கிய சாம்பல்நிற வக்காக் கொக்குகள் விழித்துக்கொண்டு காயலுக்கு மீன் பிடிக்கக் கிளம்பும். மரத்தின் கொம்புகளில் ஒன்று மட்டும் ஆள் பருமனில் கிடங்குப் பக்கம் நீண்டு, பேச்சியம்மாள் வீட்டு ஓட்டுக்கு நேர்மேலே வந்து நின்றது. காற்றடித்தால் அது முனகும்.

"எளா, உன் அண்ணன் இருமுதான்" என்பான் சங்கிலிப்பாண்டி. கொம்புக்கு அவன் வைத்த பெயர் அது.

அவன் படுத்த முதல் வருஷ மழையில் அந்த முனகல் பொறுக்காமல் பேச்சியம்மாள் ஒரு காரியம் செய்தாள். அவள் ஊரில், பயப்படுகிற எதையும் அம்மனைச் சாட்சி வைத்துக் கட்டிப்போடுவார்கள். வழியில் புற்று இருந்தாலும் சரி, முட்டுகிற காளையானாலும் சரி, கட்டு ஒன்றுதான். அவள் ஒரு பழைய சேலையைக் கிழித்து முடிந்து நீளமாக்கி, மஞ்சளில் நனைத்து மரத்தைச் சுற்றிக் கட்டினாள். அடியில் ஒரு செங்கல்லை நட்டுக் குங்குமம் வைத்தாள். "நீ எங்க மேல விழக்கூடாது. உன் மேல இரும்பு படாம நான் பாத்துக்கிடுதேன். இது நமக்குள்ள பேச்சு" என்று சொல்லிக் கும்பிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவந்தாள்.

கேரளம் முழுக்கக் காட்டைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேச்சாக இருந்த வருஷங்கள் அவை. ஏதோ ஒரு மலைக்காட்டில் அணை கட்டக்கூடாது என்று கவிஞர்களும் மாஸ்டர்களும் சேர்ந்து போராடி ஜெயித்திருந்தார்கள். அந்த ஜெயத்தின் சூடு ஆறுவதற்குள் ஊருக்கு ஊர் மரம் காக்கும் சமிதிகள் முளைத்தன. மட்டாஞ்சேரிச் சமிதிக்குச் செயலாளர் வைத்தீஸ்வரன். பாலக்காடு கல்பாத்திக்காரர். காலேஜில் தாவரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கதர் ஜிப்பாவும் தோள்பையுமாக மரம் மரமாக நடந்து குறிப்பெடுப்பார். எறும்பு ஊர்கிற வழியில் கால் வைக்கமாட்டார். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல யாருக்கும் ஒரு வார்த்தை கிடைக்காது.

அவர் ஒருநாள் மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"இதை ஆராக்கும் கட்டினது?"

"நாந்தான் சாமி" என்று முறத்தோடு வந்தாள் பேச்சியம்மாள்.

"தமிழா? சந்தோஷம். உள்ளே வந்து ஒக்காரட்டுமா, அம்மா?"

அப்படி ஒரு பெரிய மனுஷர் அந்த வீட்டுக்குள் வந்ததே கிடையாது. உட்கார இடமில்லாமல் தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். கட்டிலில் கிடந்தவனிடம் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசினார். பிறகு பையிலிருந்து மலையாளத்தில் எழுதிய ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இந்த மரத்திலே ஒரு சில்லையை, சின்னக் கிளையைக்கூட ஒருத்தனும் வெட்டப்டாது. அதுக்காக்கும் இந்தக் கடுதாசி. நாங்க நூறு பேர் எழுதறதும் சரி, மரத்தடியிலே இருக்கிற நீங்க ஒருத்தர் ஒப்பு போடறதும் சரி."

அவர் ஒளித்துச் சொல்லவில்லை. அவளும் தெரியாமல் போடவில்லை. இரும்பு படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று தான் மரத்துக்குக் கொடுத்த வாக்கைத்தானே இந்தச் சாமியும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மனே அனுப்பி வைத்த ஆள். தமிழில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் மலையாளப் பேப்பரில் மரமும் அவளும் படமாக வந்தார்கள். மகள் வீரலட்சுமி ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். தமிழ் அவளுக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. அவள்தான் வாசித்துச் சொன்னாள்.

"மரத்துக்குச் சேலை உடுத்தும் தமிழ் அம்மைன்னு போட்டிருக்கு, எம்மா."

"கட்டில்ல கெடக்குற புருஷனுக்கு ஒரு புதுத் துண்டுக்கு வழியில்ல" என்றான் சங்கிலிப்பாண்டி. "மரத்துக்குச் சேலையாம். எளா வீரலட்சுமி, அடுத்த தடவ படம் பிடிக்க வந்தா எனக்கும் ஒண்ணு உடுத்திவிடச் சொல்லு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தப் பேப்பர்த் துண்டைச் சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டிவைத்தார்கள்.

ஆறு மாதத்தில் உத்தரவு வந்தது. ஊரிலுள்ள பழைய மரங்களுக்கெல்லாம் நம்பர் போட வேண்டும். நம்பர் போட்ட மரத்தில் கிளையோ வேரோ தொடுவது குற்றம். மரக் கமிட்டி பார்த்து எழுதிக் கொடுத்தால் ஒழிய எதுவும் நடக்காது. மரத்தில் பறவை கூடு கட்டியிருக்கும் மாதங்களில் கமிட்டியே நினைத்தாலும் நடக்காது. ஓவர்சியர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கையில் தகரத் தகடு, அதில் நாற்பத்தொன்று என்ற நம்பர். நாலங்குல ஆணி ஒன்றை எடுத்து மஞ்சள் துணிக்கு ஒரு சாண் மேலே வைத்துச் சுத்தியலால் அறைந்தார்.

கிடங்கு முற்றத்தில் சுக்குப் புடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்கு ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழுந்தது. முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயா, இரும்பு படக்கூடாதே."

"மரத்தக் காக்கத்தான் இது, அம்மை" என்றார் ஓவர்சியர். "இனி ஒருத்தனும் இதத் தொடமாட்டான்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "பேச்சு முறிஞ்சிபோச்சு. நான் முறிக்கல. ஆனா மரத்துக்கு அது தெரியுமா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"ஆணி அடிச்சவன் ஆபீஸ்ல இருக்கான்னு மரத்துக்கிட்ட சொல்லு. அங்கன போயி விழட்டும்" என்றான் அவன்.

சித்திரை வெயிலில் அந்தோணி வந்தான். ஃபோர்ட் கொச்சிக்காரன். தென்னை ஏறுவதும் மரம் இறக்குவதும் அவன் தொழில். எதிர்வீட்டுக் கதீஜும்மாவின் தோப்பில் தேங்காய் பறிக்க ஏறியவன், உச்சியிலிருந்து எதையோ பார்த்துவிட்டான். இறங்கிவந்ததும் யாரையும் கேட்காமல் தூங்குமூஞ்சி மரத்தில் ஏறினான். இறங்கும்போது முழங்கை வரைக்கும் கறுப்புச் சேறு.

"சேச்சி, ஒரு காரியம் பறயட்டே. அந்தக் கொம்புக்க கவட்டில வெடிப்பு உண்டு. என் கை முழுசும் உள்ளே போயி. தண்ணி கெட்டி நிக்கு, உளுத்துப் போயி."

"மரம் விழுந்திருமா சேட்டா?"

"மரம் விழாது. மரம் ராஜாவப்போலே நிக்கும். அந்த ஒரே ஒரு கொம்பு. அத எறக்கிட்டா மரத்துக்கு இன்னும் அம்பது கொல்லம் ஆயுசு. எறக்கலேன்னா அது இந்த இடவப்பாதி மழ தாண்டாது."

"நீங்களே வெட்டிப் போட்டிருங்களேன்."

"ரண்டு மணிக்கூர் பணி. கூலியும் வேண்டா." அந்தோணி கையைத் துடைத்துக்கொண்டான். "பக்ஷே, நம்பர் மரம். போன கொல்லம் செர்லாயில ஒரு மாங்கொம்பு வெட்டினதுக்கு என் பேர்ல கேஸ் உண்டு. இன்னொண்ணு வந்தா என்னப் பிடிச்சு உள்ள இடும். மூணு பெண்குட்டிகளாக்கும் எனக்கு."

அந்த வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் மஞ்சள் தண்ணீரோடு மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். "ஆத்தா, ஒரு கையத்தான் கேக்கேன். உசிர இல்ல. வாக்கு தப்புனதுக்கு என்னக் கேளு, அந்த மனுசன விட்டிரு." மறுநாள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு ஓவர்சியரின் ஆபீசுக்குப் போனாள். மனுவை வீரலட்சுமி நல்ல மலையாளத்தில் எழுதியிருந்தாள்.

ஓவர்சியர் படித்தார். உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்துவந்து பிரித்தார்.

"இது ஆருடெ ஒப்பு?"

அவள் கையெழுத்து. பக்கத்திலேயே அந்தப் பேப்பர்ப் படமும் ஒட்டியிருந்தது.

"ஒரு சில்லகூடத் தொடக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்ததும் நீங்க. இப்ப கொம்பு வெட்டணும்னு எழுதறதும் நீங்க. நான் எதை மேல அனுப்ப?"

"அப்ப கவடு வெடிக்கல ஐயா."

அவர் கெட்டவர் அல்ல. சற்று நேரம் பேனாவை உருட்டினார். "கமிட்டிக்கு அனுப்பறேன். அவங்க வந்து பாப்பாங்க. மாசத்துக்கு ஒரு தடவதான் கூடும்" என்றார்.

கமிட்டி வருவதற்குள் மழை வந்துவிட்டது. குடைகளோடு ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் கழுத்தில் தூரக்கண்ணாடி. அண்ணாந்து பார்த்துக் கூடுகளை எண்ணினார்கள். இருபத்து மூன்று. சிலவற்றில் குஞ்சுகள் தெரிந்தன. வெடித்த கவட்டின்மேலேயே நாலு கூடு. இங்கிலீஷிலும் மலையாளத்திலுமாக ரோட்டில் நின்று பேசினார்கள். வைத்தீஸ்வரன் மட்டும் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து தகரப் பெட்டியில் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் காப்பி கொடுத்தாள். இந்தத் தடவை அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"மேல எத்தன முட்டன்னு எண்ணியாச்சா சாமி?" என்றான் சங்கிலிப்பாண்டி.

"எண்ணியாச்சு."

"கீழ ஒண்ணு கெடக்கு. எழுந்திரிக்காம ரெண்டு வருசமா அடைகாக்கேன். அதையும் கணக்குல சேத்துக்கிடுங்க."

வைத்தீஸ்வரனுக்குச் சிரிக்க வரவில்லை. "பாண்டி, கூடு ஒழியறவரைக்கும், ஐப்பசி வரைக்கும் தொடப்டாதுன்னு சட்டத்திலே இருக்கு. அதை எழுதணும்னு சர்க்காருக்கு நச்சரிச்சவனே நானாக்கும். இப்போ ஒரு எடத்துக்கு மாத்திரம் தளர்த்தலாம்னேன். கமிட்டியிலே வக்கீல் சொல்றார், நாளைக்கு மர வியாபாரி ஒவ்வொருத்தனும் ஒரு கட்டிலைக் கொண்டுவந்து மரத்தடியிலே போடுவான், அப்போ என்ன பண்ணுவேள்னு கேக்கறார்."

"அவர் சொல்லுததும் ஞாயந்தான்" என்றான் சங்கிலிப்பாண்டி. "ஆனா அந்தக் கட்டில்ல எல்லாம் ஆள் கெடப்பானா சாமி?"

வைத்தீஸ்வரன் குடிக்காத காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வெளியே குடைகள் காத்திருந்தன.

அந்தோணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு தென்னந்தடியைக் கொண்டுவந்து, குழி தோண்டி நட்டு, கொம்புக்கு முட்டுக் கொடுத்தான். மூன்றாம் நாள் ஓவர்சியர் நனைந்துகொண்டே வந்தார். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். நம்பர் மரத்தின் வேர்வட்டத்துக்குள் மண் வெட்டியிருக்கிறது. முட்டுத்தடியைப் பிடுங்கச் சொன்னார். பழைய கேஸ் உள்ளவன் என்பதால் அந்தோணியின் மரம் அறுக்கும் பெரிய வாளையும் வாங்கி, காகிதச் சீட்டுக் கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் ஆளுக்கொரு பிடியாகப் பிடித்து இழுக்கிற வாள் அது.

"இனி என் வாளும் நம்பர் வாள்" என்றான் அந்தோணி. சிரித்தான். ஆனால் அவன் முகம் செத்துப்போயிருந்தது.

வேறு வழி இல்லாததால் மனிதர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். கதீஜும்மா தன் வீட்டு வராந்தாவை ஒழித்துக் கொடுத்தாள். சங்கிலிப்பாண்டி முதலில் சம்மதிக்கவில்லை.

"பொம்பளைங்க நடமாடுத வீட்டுல போயிக் கெடந்து, நான் மூத்திரம் போக ஏனம் கேக்கவா? எங்கைய்யா மேல ஆண, நான் வரமாட்டேன்."

கதீஜும்மா அதைக் கேள்விப்பட்டு, தன் பழைய சேலைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துத் திரை தொங்கவிட்டாள். வீட்டுப் பெண்களைப் பின்வாசல் வழியாகப் போய்வரச் சொன்னாள். பிறகு இந்தப் பக்கம் வந்து, "பேச்சி, உன் ஆளுக்குச் சொல்லு. என் வாப்பாவும் மூணு கொல்லம் இப்படிக் கெடந்துதான் போனார். ஏனம் கழுவின கையாக்கும் இது" என்றாள்.

"இத்தா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாள் அழுதாள்.

அதற்குப் பிறகு காற்று கிளம்பினால் போதும். கிடங்கின் சுமட்டுக்காரர்கள் மூட்டையை அந்தந்த இடத்திலேயே இறக்கிவிட்டு வருவார்கள். அவர்களுக்குப் பிச்சைமணி தலைவன். "அண்ணே, பல்லக்கு வந்தாச்சு" என்பான். நாலு பேர் கட்டிலோடு தூக்கி, மழையில் ரோட்டைக் கடந்து வராந்தாவில் இறக்குவார்கள். காற்று அடங்கினால் திரும்பவும் பல்லக்கு. மத்தியானங்களில் வைத்தீஸ்வரன் பேப்பரோடு வருவார். கட்டில் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழாக்கிச் சொல்வார். வீட்டுக்குள்ளே என்றால் சரியாகக் கொம்புக்குக் கீழே பெட்டியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஒன்பது நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலையில் வெயில் அடித்தது. மட்டாஞ்சேரியே வெளியே வந்துவிட்டது. கயிறுகளில் துணி, சுவர்களில் பாய், கூரைகளில் கருவாடு. பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்த சுக்கையெல்லாம் முற்றத்தில் பரப்பும்படி சேட்டு சத்தம் போட்டார். மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

"பிச்சைமணி, என்ன வீட்டுல கொண்டு விடுங்கடே" என்றான் சங்கிலிப்பாண்டி. "ஒன்பது நாளா அடுத்த வீட்டுச் சுவரப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். காத்தே இல்லயே. இன்னைக்கு ஒரு நேரம் எங்கூரைக்குக் கீழ கஞ்சி குடிக்கேன்."

பல்லக்கு வந்தது. காற்றில்லாத நாளில் பயம் எதற்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒன்பது நாள் தண்ணீர் குடித்துக் கனத்துப்போன கொம்புக்குக் காற்றே தேவையில்லை என்பது அந்தோணி ஒருவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் பள்ளுருத்தியில் தென்னை ஏறப் போயிருந்தான். வைத்தீஸ்வரன் படகேறி எர்ணாகுளம் போயிருந்தார். அன்று கமிட்டி கூடுகிறது, அந்தக் கொம்புக்காக இன்னொரு தரம் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினொரு மணி இருக்கும். பேச்சியம்மாள் முற்றத்தில் சுக்கைக் காலால் கோதிப் பரப்பிக்கொண்டிருந்தாள். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒரு நிமிஷம், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்படியாக ஒன்றுமே இல்லை. பிறகு பூமி அதிர்ந்தது. வக்காக்கள் அத்தனையும் கத்திக்கொண்டு வெயிலில் எழும்பின.

கூரை இருந்த இடத்தில் பச்சை இலை மலையாகக் கிடந்தது. முப்பது சுமட்டுக்காரர்கள் தோள் கொடுத்தார்கள். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள்தான், ஆனாலும் கொம்பு அசையவில்லை. வெட்டுகத்திகளால் கொத்தினார்கள். ஈரமரத்தில் கத்தி எகிறியது. தீயணைப்பு வண்டி தோப்பும்படிப் பாலம் தாண்டி வரவேண்டும். வாள், ஒரு வாள் வேண்டும். அந்தத் தெருவுக்குத் தெரிந்த பெரிய வாள் ஒன்றே ஒன்றுதான். அது ஆபீசில் சீட்டுக் கட்டிக்கொண்டு கிடந்தது. பிச்சைமணி சைக்கிளில் பறந்தான்.

சரிந்த ஓடுகளுக்கு நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது. பேச்சியம்மாள் மண்ணில் படுத்துக் கையை உள்ளே விட்டாள். துழாவினாள். ஐந்து விரல் வந்து அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

"எளா."

"இங்கதான் இருக்கேன். வாள் வருது. வந்திட்டே இருக்கு."

"உன் கையில இஞ்சி மணக்கு."

"பேசாதீங்க."

"வலிக்கல பேச்சி. காலுதான் முந்தியே செத்ததாச்சே. நெஞ்சுக்கு மேலதான் கொஞ்சம் பாரம்." மூச்சு வாங்கியது. "வீரலட்சுமி?"

"பள்ளிக்கூடத்துல."

"நல்லது. அங்கனயே இருக்கட்டும்."

ஆபீசில் ஓவர்சியர் இல்லை. வெளியே எங்கோ நம்பர் அடிக்கப் போயிருந்தார். குமாஸ்தா கை பிசைந்துகொண்டு நின்றார். பொருள் பறிமுதல் கணக்கில் இருக்கிறது, ஆபீசர் கையெழுத்தில்லாமல் வெளியே போனால் தன் வேலை போய்விடும் என்றார். பிச்சைமணி அவர் காலில் விழுந்தான். பிறகு சண்டை போட்டான். அறை பூட்டியிருந்தது, சாவி அவர் இடுப்பில். அந்த நேரத்தில் படகுத்துறையிலிருந்து நடந்துவந்த வைத்தீஸ்வரன் கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்தார். கமிட்டி கொம்பைப் பற்றிய பேச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருந்தது. அந்தக் காகிதம் அவர் பையில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் அதை எடுத்து, பின்பக்கத்தில், வாளை நான் எடுத்துப் போகிறேன், என்ன வந்தாலும் என் பேரில் வரட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டு மேஜைமேல் வைத்தார். குமாஸ்தா சாவியை எடுத்தார். இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

அதற்குள் யாரோ சொல்லி அந்தோணியும் ஓடிவந்திருந்தான். வாளின் ஒரு பிடியை அவன் பிடித்தான். மறுபிடியை வைத்தீஸ்வரன் விடவில்லை.

"சாமி, நீங்க மாறுங்கோ. இது அறியாத கைக்குள்ள பணி இல்ல" என்றான் அந்தோணி.

"நீ இழு" என்றார் அவர். "நான் இழுக்கறேன்."

வாளில் கட்டிய சீட்டு ஆடிக்கொண்டே இருந்தது. அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து பிடியில் ஒட்டியது. மரத்தூள் மழை ஈரத்தோடு சேறாக விழுந்தது.

"வெயில் அடிக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"அடிக்கி. நல்லா அடிக்கி."

"சுக்க அள்ளிருங்க. மத்தியானத்துக்கு மேல வந்திரும், மழ."

அதற்குப் பிறகு விரல்கள் பிடித்தபடியேதான் இருந்தன. ஆனால் அவற்றில் பிடி இல்லை. கொம்பு இரண்டாக அறுபட்டு விலகினபோது பேச்சியம்மாள் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அவன் சொன்ன மாதிரியே மூன்று மணிக்கு மழை வந்தது.

மறுநாள் காரியங்கள் முடிந்த பிறகு, கதீஜும்மாவின் வராந்தாவில், திரைக்கு வெளியே வைத்தீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. அவர் வீட்டுக்கே போகவில்லை.

"நானாக்கும் ஒப்பு வாங்கினேன், அம்மா" என்றார்.

"நாந்தானே போட்டேன், சாமி." பேச்சியம்மாள் ஒரு லோட்டாவில் காப்பி கொண்டுவந்தாள். அவர் கையால் பிடிக்க முடியாது என்பதைக் கண்டு, அதை ஆற்றி அவளே பிடித்துக்கொண்டாள். "கெட்டது செய்ய யாரும் போடலயே. குடிங்க."

அவர் குழந்தைபோல் குடித்தார்.

அப்போது ஓவர்சியர் வந்தார். விழுந்த கொம்பின் நீளம், பருமன், அறுத்தது யார், எந்த வாளால் என்று மகஜர் எழுத வேண்டும். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாடாவைப் பிடித்து அளந்தார். குனிந்து எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் வராந்தா ஓரத்தில் நின்றார். அங்கே சுக்குக் கூடை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதற்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் வந்தது.

வீரலட்சுமி எழுந்து கூடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். விழுந்த கூடுகளிலிருந்து உயிரோடு கிடைத்தவை மூன்று. காலையில் பேச்சியம்மாளே அழுதழுது வீங்கின கண்ணோடு மகளை வலைக்காரனிடம் பொடிமீன் வாங்கிவரச் சொல்லி, அந்த வக்காக் குஞ்சுகளின் வாயில் ஒவ்வொன்றாகப் போட்டிருந்தாள். நம்பர் மரத்துப் பறவையை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான். அது எல்லாருக்கும் தெரியும்.

"இதையும் எழுதணுமா, ஐயா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எழுதணும்னா எழுதிக்கிடுங்க. ஆனா கொண்டு போவாதீங்க. மேல கொண்டு வைக்க அதுகளுக்குக் கூடு இல்ல. பறக்குற மட்டும் கெடக்கட்டும்."

ஓவர்சியர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். மழை ஓட்டிலிருந்து கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. கூடைக்குள் ஒன்று பசிக்குக் கத்தியது. அவர் நோட்டை மூடினார். பேனாவின் மூடியைத் திருகித் திருகி, வெகுநேரம் திருகி, சட்டைப் பையில் செருகினார்.

"நான் ஒண்ணும் கண்டில்ல" என்றார்.

அவர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போவதைப் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே மரம் ஒரு கையை இழந்து, மஞ்சள் துணியும் தகட்டு நம்பருமாக, அந்தோணி சொன்னபடி ராஜாவைப்போல நின்றது. இப்படி ஒரு காரியத்தைக் காணாமல் விட முடியும் என்பது அந்த மனுஷருக்கு முட்டுத்தடியைப் பிடுங்கி வாளை வாங்கிப் போன அன்றைக்கும் தெரிந்திருந்தால் என்று அவள் நினைத்தாள். கூடையை மெல்லத் தூக்கி, இருந்த மீனை எடுத்தாள். மூன்று வாய்களும் அவள் இஞ்சிக் கையை நோக்கித் திறந்தன.